சட்டையில் எழுதிய வசனம்

ஜூலை மாதம் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் புக்கிட் மெர்தாஜாம் பயணத்தைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். ஜூலை 26 புனித அன்னம்மாள் திருநாள். அன்னை மரியாளைப் பெற்றெடுத்த அந்தத் தாயின் ஆலயத்திற்கு நம் தோட்டப்புற மக்கள் வேனிலும் பேருந்திலும் வந்து குவிவதை நேயர்கள் பலரும் அறிவீர்கள். கிறிஸ்தவர்கள் மட்டுமா? நெற்றியில் திருநீறு துலங்க, கையில் மெழுகுவத்தியோடு நிற்கும் இந்துப் பெருமக்களையும் அங்கே காணலாம். 1888இல் எழுப்பிய பழைய கோயில் இன்றும் அங்கு நிற்கிறது. 2019இல் அத்திருத்தலம் பசிலிக்கா என்னும் தகுதியையும் பெற்றது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அங்கே போனபோதுதான் எனக்கும் ஒரு சட்டை வாங்கும் ஆசை வந்தது. சிலுவை பொறித்த சட்டை, புறா பறக்கும் சட்டை, திருவிவிலிய வசனம் எழுதிய சட்டை என்று வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். என் தகப்பனார் பால்மரம் சீவியவர். அவர் காலத்தில் கழுத்துக் கயிற்றில் ஒரு சிறிய சிலுவைதான். அதுவும் சட்டைக்குள்ளே கிடக்கும். இப்போது விசுவாசம் சட்டைக்கு வெளியே வந்திருக்கிறது. அதில் தவறொன்றும் இல்லை என்றே நினைத்தேன்.

வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? துணியை ஆராய்ந்தேன். நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் பருத்தியே ஏற்றது. பாலியெஸ்டர் மலிவாகக் கிடைக்கும், ஆனால் உடம்பு புழுங்கும். அடுத்து எழுத்தைத் தடவிப் பார்த்தேன். மை துணியோடு ஊறியிருந்தால் நீடித்து உழைக்கும். பிளாஸ்டிக் தாள் போல் மேலே ஒட்டியிருந்தால் சில சலவைகளிலேயே வெடித்து உரியத் தொடங்கும். எந்த வகையானாலும் உள்பக்கத்தை வெளியே திருப்பித் துவைத்து நிழலில் உலர்த்துவது நல்லது. எழுத்தின்மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்கவே கூடாது.

தமிழ் எழுத்துள்ள சட்டையாக இருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கணினியில் எழுத்துரு சரியாக அமையாவிட்டால் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று சிதறிவிடும். ஒரு கடையில் ‘இயேசு’ என்ற திருப்பெயரிலேயே கொம்பு இடம் மாறி, எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. கடைக்காரத் தம்பியிடம் பக்குவமாகச் சொன்னேன். “பெரிசா யாரும் படிக்கிறதில்ல சார்” என்றார். அந்தச் சொல் பிறகு எனக்கு வேறு விதமாகத் திரும்பி வந்தது.

கடைசியில் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 13ஆம் அதிகாரத்திலிருந்து ஒரு வசனம் எழுதிய நீலச் சட்டையை இருபத்தைந்து வெள்ளிக்கு வாங்கினேன். தன் நன்மையையே தேடாமல் இருப்பதுதான் அன்பு என்பது அதன் பொருள். பள்ளிக்கு அதை நான் அணிவதில்லை. அங்கே எல்லாச் சமயப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். தன் சமயத்தைப் பின்பற்றும் உரிமையை நம் நாட்டு அரசமைப்பின் 11ஆவது பிரிவு நமக்குத் தருகிறது. ஆனாலும் எந்த உடையை எங்கே உடுத்துவது என்ற இங்கிதத்தை நாம்தான் அறிந்துகொள்ள வேண்டும்.

ஒரு சனிக்கிழமை காலை அந்தச் சட்டையோடு லயத்துப் பக்கம் போனேன். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கியே முதுகு வளைந்துபோன ஒரு பாட்டி வாசலில் கீரை விற்றுக்கொண்டிருந்தார். ஒரு கட்டு இரண்டு வெள்ளி. மூன்று கட்டு எடுத்துக்கொண்டு ஐந்து வெள்ளிதான் தருவேன் என்று நின்றேன். “கட்டாது வாத்தியாரையா” என்றார். “இரவுச் சந்தையில் இதைவிடக் குறைச்சல் பாட்டி” என்று ஒரு பொய்யையும் சேர்த்தேன். பாட்டி ஐந்து வெள்ளியை வாங்கி மடியில் முடிந்துகொண்டார்.

அப்புறம் என் மார்பைப் பார்த்துக் கேட்டார்: “தமிழ்ல என்னமோ எழுதியிருக்கே, என்னான்னு படிச்சிச் சொல்லுங்க. எனக்குத்தான் கண்ணிருந்தும் எழுத்துத் தெரியாதே.”

எத்தனையோ பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்த எனக்கு அன்று நாக்கு எழவில்லை. வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம், பாட்டிக்குத் தெரியவா போகிறது? மனம் வரவில்லை. குனிந்து, தலைகீழாகத் தெரிந்த எழுத்துகளை ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். பாட்டி கேட்டுவிட்டு, “நல்ல வார்த்தை” என்றார். என்னைக் குத்திக் காட்டவில்லை, உண்மையாகவே சொன்னார். அதோடு நிற்காமல் இன்னும் ஒரு பிடி கீரையை எடுத்து என் பையில் வைத்தார்.

ஒரு வெள்ளியை எடுத்து நீட்டினேன். “பேசினது பேசினதுதான், அடுத்த வாரம் வந்து வாங்குங்க” என்று மறுத்துவிட்டார். அன்று மதியம் என் மனைவி சமைத்த கீரை எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அதன்பின் அவரிடம் நான் பேரம் பேசியதே இல்லை. அந்தச் சட்டையையும் ஒதுக்கிவிடவில்லை. அதைப் போடும் நாள்களில் கொஞ்சம் கவனமாக நடக்கிறேன், அவ்வளவுதான்.

சென்ற ஆண்டு திருநாளில் என் மகன் பெரிய எழுத்தில் ஆண்டவரின் போர்வீரன் என்று அச்சிட்ட சட்டையைக் கேட்டான். “வாங்கித் தருகிறேன். முதலில் அதை நம் பாட்டிக்குப் படித்துச் சொல்வதுபோல் வாய்விட்டுப் படி” என்றேன். கீரைக் கதை அவனுக்குத் தெரியும். பாதி படித்ததும் சிரித்துவிட்டு, ஓரத்தில் சிறிய மீன் வரைந்திருந்த வெள்ளைச் சட்டையை எடுத்தான். தொடக்க காலக் கிறிஸ்தவர்களின் அடையாளம் அது. இயேசு கிறிஸ்து, இறைமகன், மீட்பர் என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களின் முதலெழுத்துகளைக் கூட்டினால் மீன் என்ற சொல் வரும்.

சட்டை வாங்கும் நேயர்களே, துணியைப் பாருங்கள், மையைப் பாருங்கள், எழுத்துப்பிழையையும் பாருங்கள். பிறகு ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நம்மை அன்றாடம் பார்ப்பவர் எதிரில் கூசாமல் படிக்க முடிந்தால் காசைக் கொடுங்கள்.

தோட்டத்துக்குத் திரும்பியதும் மகன் அந்தச் சட்டையோடு பாட்டியிடம் கீரை வாங்கப் போனான். “என்னா தம்பி, மீன் கடையில வேலைக்குச் சேர்ந்திட்டியா?” என்று கேட்டாராம். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த மீனின் கதையைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.