கடைக்குட்டி எல்கேஜிக்கு வரும்போது

ஜூனில் எல்கேஜி திறந்ததும் எந்தப் பிள்ளை வீட்டுக்குக் கடைசி என்பதை விசாரிக்காமலே பெரும்பாலும் சொல்லிவிடலாம். தண்ணீர் பாட்டிலை நீட்டியபடி நிற்கும். திறந்து கொடு என்று வாயால் கேட்காது. வீட்டில் கேட்க வேண்டிய தேவையே வந்ததில்லை. கை நீளும் முன்பே அக்காவோ ஆச்சியோ மூடியைத் திருகிக் கொடுத்திருப்பார்கள்.

அதே பிள்ளைக்கு மற்றவர்களுக்குத் தெரியாத பலதும் தெரியும். அக்கா வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் குப்புறப் படுத்துக் கேட்டே ஒன்றிலிருந்து இருபதுவரை ராகமாகச் சொல்லும். "இவனுக்கு எல்லாம் தெரியும் மிஸ், உங்களுக்குக் கஷ்டமே இருக்காது" என்று அம்மா சந்தோஷமாகச் சொல்வார். ஐந்து புளியங்கொட்டையை முன்னால் வைத்து எண்ணச் சொன்னால், விரல் முதல் கொட்டையில் நிற்கும்போதே வாய் மூன்றைத் தாண்டிவிடும். பாட்டாக வந்த எண் இன்னும் விரலுக்கு இறங்கவில்லை. அதை இறக்க எனக்குச் சில மாதங்கள் வேண்டும். முதல் பிள்ளையைவிடக் கடைசிப் பிள்ளைக்கு இங்கே கூடுதல் பொறுமை தேவை. தனக்குத் தெரியும் என்று அது நம்பிக்கொண்டிருக்கிறதே!

வாயால் கேட்டுப் பழகாததால் கடைக்குட்டியின் கையில் முதலில் ஒரு வேலையைக் கொடுப்பேன். க்ரேயான் டப்பாவை எல்லாரிடமும் கொண்டுபோய் நீட்ட வேண்டும். ஒவ்வொருவரும் எடுக்கும்வரை நிற்க வேண்டும். "எந்தக் கலர் வேணும்?" என்று கேட்க வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் சின்னதாகவே இருந்த பிள்ளைக்கு, பத்துப் பேர் தன்னை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது புது அனுபவம். பேசாத பிள்ளைகள் பலவும் அந்த டப்பாவோடுதான் வகுப்பில் வாய் திறந்திருக்கின்றன.

பென்சில் பிறகு வரட்டும். மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் உண்டு. இந்த வயதில் அவற்றில் பல இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். களிமண் பிசைவது, காகிதம் கிழிப்பது, கோலப்பொடியைச் சிட்டிகையாக எடுப்பது எல்லாம் எழுத்துக்கான பயிற்சிதான். 1939இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த மரியா மாண்டிசோரியும் பொத்தான் மாட்டுவதையும் தண்ணீர் ஊற்றுவதையும் சின்னப் பிள்ளைகளின் உண்மையான பாடமாக வைத்தவர். "அக்கா இந்த வயசுல பேர் எழுதிட்டா" என்ற பேச்சைப் பிள்ளையின் காது கேட்கச் சொல்லாதீர்கள் என்று பெற்றோரிடம் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

அக்காவும் அதே பள்ளியில் படித்தால் இன்னொரு சிக்கல். கடைக்குட்டி அழுகிறது என்றதும் மூன்றாம் வகுப்பிலிருந்து அவளை அழைத்து வரச் சொல்வார்கள். நான் சம்மதிப்பதில்லை. அவள் பாடம் போகிறது. அழுதால் அக்கா வருவாள் என்று தம்பியும் கற்றுக்கொள்கிறான். சாப்பாட்டு நேரத்தில் பார்த்துக்கொள்ளட்டும்.

அம்மாக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூத்ததை விட்டுவிட்டு நிமிடத்தில் கிளம்பியவர், கடைசியை விடும் நாளில் ஜன்னலோரம் நின்றுகொண்டே இருப்பார். இனிப் பகலில் வீட்டில் பிள்ளைச் சத்தம் இருக்காது. அந்தத் துக்கம் நியாயமானது. அவரை விரட்ட எனக்கு மனம் வராது. ஆனால் "கடைக்குப் போயிட்டு வர்றேன்" என்று பொய் சொல்லிவிட்டு நழுவுவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. அந்தப் பிள்ளை காலை முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். களிமண்ணைத் தொடாது, பாட்டுக்கு வாய் அசைக்காது.

இந்த வயதில் மணி கணக்கு புரியாது. "சாப்பிட்டு முடிச்சதும் அம்மா வருவேன்" என்று சொல்லுங்கள், கட்டிக்கொள்ளுங்கள், திரும்பிப் பார்க்காமல் கிளம்புங்கள். சொன்ன நேரத்துக்கு வாசலில் நில்லுங்கள். பள்ளி திறப்பதற்கு முன்பே பாட்டில் மூடியையும் டிபன் பாக்ஸையும் பிள்ளையே திறக்கட்டும். எவ்வளவு நேரமானாலும் வீட்டில் யாரும் கை கொடுக்காதீர்கள்.