கப்பலின் உச்சியில் ஓர் இடம்

 

வேளச்சேரி–தாம்பரம் சாலையில், பள்ளிக்கரணையில், தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் உள்ளது. கடலில் மிதவைகளை நிறுத்தி, அவை தரும் தகவல்களைச் செயற்கைக்கோள் வழியே கரையில் பெறும் நிறுவனம் அது. செம்மஞ்சேரியில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் இயங்குகிறது. கடலுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வீடுகள் நம் புறநகர்களில் உண்டு. காயல்பட்டினத்திலிருந்து சேலையூருக்குக் குடிவந்த எங்கள் வீடும் அவற்றுள் ஒன்று. எங்கள் இளைய தம்பி சரக்குக் கப்பலொன்றில் மின் தொழில்நுட்ப அதிகாரியாகப் பணியாற்றுகிறான்.

அவனது கப்பல் பழுதுபார்ப்புக்காக டிரை டாக்கில் நின்றபோது, இணையத்திற்கான புதிய ஆன்டெனாவை எங்கே பொருத்துவது என்ற ஆலோசனை நடந்தது. அவன் தொலைபேசியில் விளக்க விளக்க, அது எங்கள் வீட்டு ஆலோசனையாகவும் ஆகிவிட்டது. அவனுடைய குரல் அந்த வெண்ணிறக் குமிழுக்குள் இருக்கும் தட்டின் வழியாகத்தானே எங்களை வந்தடைகிறது!

நம் மொட்டைமாடியில் டிஷ்ஷைப் பொருத்துவது எளிது. கிழக்குத் தீர்க்கரேகை 83 பாகையில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு, சென்னையிலிருந்து ஏறத்தாழத் தெற்கு நோக்கி, 74 பாகை உயரத்தில் திருப்பி முடுக்கிவிட்டால் வேலை முடிந்தது. கப்பலோ ஓரிடத்தில் நிற்பதில்லை. திரும்பும், உருளும், குதிக்கும். ஆகவே குமிழுக்குள் இருக்கும் தட்டை மோட்டார்கள் இடைவிடாது திருப்பி, நிலநடுக்கோட்டிற்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளை நோக்கியே வைத்திருக்கின்றன. தொழுகையில் நிற்கும்போது கப்பல் திரும்பினால், இயன்றவரை நாமும் கிப்லாவை நோக்கித் திரும்பிக்கொள்ள வேண்டும் என்ற சட்டத்தை ஓதிய நமக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமன்று.

கருவி எவ்வளவு திரும்பினாலும், இடையில் இரும்பு நின்றால் பயனில்லை. ஆகவே இடத்தேர்வே முதன்மையானது. மூன்று இடங்கள் பேசப்பட்டன.

முதலாவது, ரேடார் கம்பத்தின் உச்சி. அங்கிருந்து வானம் முழுவதும் திறந்திருக்கும். ஆனால் உயரம் கூடக் கூட ஆட்டமும் அதிர்வும் கூடும். பாரமான குமிழைக் கம்பம் தாங்க வேண்டும். ரேடாரின் கதிர்வீச்சு நேராக அதன்மீது படும். பழுது நேர்ந்தால் நடுக்கடலில் ஏறுவதும் ஆபத்து. இரண்டாவது, பின்புறம் புகைபோக்கியின் அருகில். அங்கே வெப்பமும் கரியும் கருவியின் ஆயுளைக் குறைக்கும். மூன்றாவது, மாலுமிகள் ‘மங்கி ஐலண்ட்’ என்று அழைக்கும், கப்பலைச் செலுத்தும் அறையின் மேல்தளம். அங்கே வலப்பக்கத்தில் உயரமான தாங்கியின்மீது நிறுத்தலாம். ஆனால் இடப்பக்கம் ரேடார் கம்பமும் பின்பக்கம் புகைபோக்கியும் வானத்தின் ஒரு பகுதியை மறைக்கும்.

“உச்சியிலேயே வைக்கச் சொல், பேச்சு அறுபடாமல் இருக்கும்” என்றார் உம்மா. “உம்மா, அந்தத் தளத்தில் உயிர்காக்கும் கருவிகளுக்குத்தான் முதல் உரிமை. நம் பேச்சுக்கு மிஞ்சிய இடம்தான்” என்றான் தம்பி. அபாய அழைப்பு அனுப்பும் ஆன்டெனா, ஜிபிஎஸ், ரேடார், காந்தத் திசைகாட்டி ஆகிய எதற்கும் இடையூறு நேரக்கூடாது. 1999 பிப்ரவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த உலகக் கடல் அபாய, பாதுகாப்பு அமைப்பின்படி, அபாயச் செய்தி அனுப்பும் வசதி கப்பலில் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். இறுதியில் மூன்றாவது இடமே முடிவாயிற்று.

அதன் விலையை நாங்கள் சில மாதங்களில் அறிந்தோம். இரும்புத் தாது ஏற்றுவதற்காக அவனது கப்பல் நார்வேயின் நார்விக் துறைமுகத்தை நோக்கி வடக்கே சென்றது. நம் கடல்களில் இந்தச் செயற்கைக்கோள் உயரத்தில் தெரியும், இடையூறு குறைவு. நார்விக் இருக்கும் 68 பாகை அகலாங்கிலோ அது தொடுவானத்திற்கு மேல் 13 பாகை அளவிலேயே நிற்கும், அதுவும் தெற்கில். வடக்கே செல்லும் கப்பலுக்குத் தெற்கு என்பது பின்பக்கம், அங்கே புகைபோக்கி. அதைக் கடந்தால் கரையோர மலைகள். அந்த வாரத்தில்தான் உம்மாவுக்கு இதய அறுவைச் சிகிச்சை. மூன்று நாட்கள் அவனிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

அவன் மறந்துவிட்டான் என்று உறவினர் சிலர் பேசினர். உம்மா பேசவில்லை. மயக்கம் தெளிந்து இரண்டாம் நாள், “கப்பல் இன்னும் வடக்கே தான் போகிறதா?” என்று மட்டும் கேட்டார். கப்பல் சரக்கேற்றித் தெற்கே திரும்பியதும், அவன் அந்த நாட்களில் எழுதி வைத்திருந்த பதினோரு செய்திகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் உம்மாவுக்கான துஆ இருந்தது. அல்ஹம்துலில்லாஹ், உம்மா நலமாக இருக்கிறார்.

கடலில் பணிபுரிவோருக்கு இணையத் தொடர்பு இன்று சலுகையன்று. 2015-இல் இந்தியா ஏற்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில், 2024 டிசம்பர் 23 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், நியாயமாக இயன்ற அளவுக்குக் கப்பலில் அவ்வசதியை உரிமையாளர்கள் அளிக்க வேண்டும் என்கிறது. பிள்ளைகள் பணியில் சேரும்போது இதைக் கேட்டறிவது நன்று. அத்துடன், கப்பல் செல்லும் வழியையும், எந்தத் திசையில் செல்லும்போது தொடர்பு அறுபடக்கூடும் என்பதையும் முன்கூட்டியே கேட்டுக் குறித்து வையுங்கள். அவசரத்திற்குக் கப்பல் நிறுவனத்தின் கரை அலுவலக எண்ணையும் வாங்கி வையுங்கள். பேச்சு நின்ற நாட்களில் பிள்ளையின் அன்பைச் சந்தேகிக்காதீர்கள். அந்நாட்களில் அவர்களுக்காகக் கேட்கும் துஆவுக்கு எந்தக் கம்பமும் குறுக்கே நிற்பதில்லை.