ஒரே மூச்சில் எத்தனை?

சளி பிடித்தால் என்ன செய்வீர்கள்? மிளகு ரசம், ஆவி, ரெண்டு நாள் லீவு. அடங்காவிட்டால் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் 'ஏதாச்சும் ஆன்டிபயாட்டிக் குடுங்க'. போன மார்கழியில் என் சித்திக்கும் நான் அதையேதான் செய்தேன்.

சித்தி, ரிடையர்டு கணக்கு டீச்சர். சில வருஷங்களாகவே சாயங்காலமானால் இமை தொங்கிவிடும். செய்தி வாசிப்பவர் ரெண்டு பேராகத் தெரிவார். பாதிச் சாப்பாட்டில் தாடை அசந்துபோகும். மையஸ்தீனியா கிராவிஸ் என்றார் டாக்டர். 'அமிதாப் பச்சனுக்கு எண்பதுகளில் வந்ததே, அது!' என்று நான் சொன்னதில் சித்திக்குக் கொஞ்சம் பெருமைகூட.

பி.காம். மூளைக்கு எட்டிய வரை சொல்கிறேன். நரம்பு, அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை செக் மாதிரி தசைக்கு அனுப்புகிறது. தசையில் அதை வாங்கிக்கொள்ளக் கவுன்ட்டர்கள் உண்டு. கிருமியோடு சண்டை போடவேண்டிய நம் எதிர்ப்பு சக்தி, ஆள் தெரியாமல் அந்தக் கவுன்ட்டர்களை உடைத்துவிடுகிறது. செக் ரெடி, வாங்கத்தான் ஆளில்லை. 1934-ல் இங்கிலாந்தில் மேரி வாக்கர் என்ற பெண் டாக்டர், செக் சீக்கிரம் அழியாமல் காக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தொங்கிய இமை எழுந்தது. சித்தி விழுங்கும் பைரிடோஸ்டிக்மின் அந்த வம்சம்தான்.

சரி, சளிக்கு வருவோம். கிருமி நுழைந்ததும் எதிர்ப்பு சக்தி உசுப்பேறுகிறது. கூடவே அந்தத் தப்பான சண்டையும் சூடு பிடிக்கலாம். இமைக்கு வந்த களைப்பு மூச்சு இழுக்கும் தசைக்கும் வந்தால்? இருமிச் சளியைத் துப்பக்கூடத் தெம்பிருக்காது. இந்த நோயாளிகள் மூச்சுக்குத் திண்டாடி ஐ.சி.யூ.வுக்குப் போவதற்குப் பெரும்பாலும் இப்படி ஒரு தொற்றுதான் காரணமாம்.

மூன்றாம் நாள் சித்தி மூக்கால் பேசினார். மூக்கடைப்பு என்று நினைத்தேன். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 97 காட்டியது. அப்பாடா! நிம்மதியாக அஸித்ரோமைசின் வாங்கிக் கொடுத்தேன். அந்த நோய்க்கு ஆகாத மருந்துப் பட்டியலில் அதுவும் இருக்கிறது, சிப்ரோஃப்ளாக்ஸசினும் இருக்கிறது. பட்டியல் சித்தியின் ஃபைலிலேயே இருந்தது. நான்தான் பிரித்துப் பார்க்கவில்லை.

ராத்திரி, தலையணையில் தலை வைக்க முடியவில்லை என்றார். நரம்பு டாக்டருக்கு போன் போட்டேன். '97-ஐ விடுங்க சார், தசை தோற்றுக்கொண்டிருக்கும்போதும் அது நல்லாத்தான் காட்டும். ஒரே மூச்சில் எண்ணச் சொல்லுங்க.'

வாய்ப்பாடே ஒரே மூச்சில் ஒப்பித்த சித்தி, பதினாலில் நின்றுவிட்டார்.

'ஆட்டோ வேண்டாம், ஆம்புலன்ஸ்!'

ஆறு நாள் வென்டிலேட்டர். ரத்தத்தின் பிளாஸ்மாவை எடுத்துவிட்டு மாற்றுத் திரவம் ஏற்றினார்கள். செலவை விடுங்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, அந்த மாத்திரையின் விலையைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி. பட்டியல் ஃப்ரிட்ஜ் கதவில். யாராவது தும்மினால் சித்தி அடுத்த அறைக்குப் போய்விடுகிறார். தொண்டை கரகரத்தால் காலையில் எனக்கு போன். ஹலோ கிடையாது, 'ஒண்ணு, ரெண்டு, மூணு...'தான். நடுவில் மூச்சு வாங்கிவிட்டால் அவரே, 'தப்பு, முதல்லேர்ந்து' என்பார்.

நேற்று முப்பத்தொன்று.