உம்மாவின் குளிசைகள்



கலஹாவில் எங்கள் வீட்டு அலுமாரியில் உம்மாவின் டமொக்சிபென் குளிசை இரண்டு அட்டை மிச்சமிருந்தது. மார்புப் புற்றுநோய்க்குக் கொடுத்தது. உம்மா மௌத்தான பிறகும் எறிய எங்களுக்கு மனம் வரவில்லை.

போன மாதம் சாச்சி அதைக் கேட்டு வந்தார். சீனி வருத்தம், காலில் ஆறாத புண். இரண்டு தரம் அன்டிபயோட்டிக் எடுத்தும் சீழ் நிற்கவில்லை. "கேன்சர் குளிசை கிருமியையும் கொல்லுமாம், வட்ஸ்அப்பில வந்திருக்கு. எடுத்துத் தாங்கோ புள்ள."

செய்தி முழுப் பொய் இல்லை, அதுதான் சிக்கல். நாங்கள் தேடி வாசித்தோம். 2015இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில், டமொக்சிபென் வெள்ளை இரத்த அணுக்களை உசுப்பிவிடுவதைக் கண்டார்கள். அணுக்கள் கிருமியைப் பிடிக்கத் தங்கள் டிஎன்ஏயையே வலையாக வீசுகின்றனவாம். மருந்துக்கு மசியாத ஸ்டெஃபைலோகொக்கஸ் தொற்றிய எலிகள் பல பிழைத்தன. அதே வருடம் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், பிள்ளை கிடைக்கக் கொடுக்கும் க்ளோமிபீன் அந்தப் பக்டீரியா தன் சுவரைக் கட்டுவதைத் தடுப்பது தெரிந்தது. டமொக்சிபெனே 1962இல் கருத்தடைக்கென்று செய்து, அதில் சரிவராமல், புற்றுநோய்க்கு மாறி வந்த மருந்துதானே.

ஆனால் எலி வேறு, சாச்சி வேறு. வியட்நாமில் பூஞ்சையால் வரும் மூளைக்காய்ச்சல் கண்ட 50 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு டமொக்சிபெனைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். பரிசோதனைக் குழாயில் தெரிந்த பலன் ஆட்களில் தெரியவில்லை. அந்தக் குளிசையால் நாளங்களில் இரத்தம் கட்டவும் கூடும். உம்மாவுக்குக் கால் வீங்கி, நடுச்சாமத்தில் வேன் பிடித்து ஓடியதை நாங்கள் மறக்கவில்லை.

கொடுக்கவில்லை. சாச்சி கோபித்துக்கொண்டு தேத்தண்ணி கூடக் குடிக்காமல் போனார்.

இரண்டு நாள் கழித்து நாங்களே கெஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டொக்டர் கேட்ட பிறகுதான் உண்மை வந்தது: இரண்டாவது தரம் நாலு நாளில் நிறுத்தி, மிச்சத்தைப் பேரப்பிள்ளையின் காய்ச்சலுக்கென்று எடுத்து வைத்திருக்கிறார்! சீழைக் கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்பி, எந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கும் என்று பார்த்து மாற்றிக் கொடுத்தார்கள். தினமும் மருந்து கட்டினோம். புண் இப்போது காய்ந்து வருகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

உம்மாவின் இரண்டு அட்டைகளையும் அன்றே பாமசியில் ஒப்படைத்தோம். சாச்சிக்கு இன்னும் மனத்தாங்கல் போகவில்லை. "ராத்தா இருந்திருந்தா தந்திருப்பா" என்கிறார்.