மணிக் கணக்கு

என் தங்கை திண்டுக்கல்லில் ஒரு மாண்டிசோரி பள்ளியில் 2-ஆம் வகுப்பு படிக்கிறாள். அங்கே பரீட்சையும் இல்லை, மார்க்கும் இல்லை.

"ஏழாம் வாய்ப்பாடு சொல்லு பாப்பா" என்று அப்பா கேட்டால் முழிக்கிறாள். மணிகளைக் கொடுத்தால் 4 இலக்கக் கூட்டலே போடுகிறாள்! தனி மணி 1, கம்பியில் கோத்தது 10, சதுரம் 100, கனசதுரம் 1000. பத்து மணி சேர்ந்தால் ஒரு கம்பியாக மாற்றிக்கொள்ள வேண்டும். 'மீதி 1' எப்படி வருதுன்னு அவளுக்குக் கண்ணாலேயே தெரியும். (நம்ம வகுப்பில் எத்தனை பேருக்குத் தெரியும்?)

இந்த முறையைத் தந்த இத்தாலி நாட்டு மரியா மாண்டிசோரி 1942 முதல் 1944 வரை நம் கொடைக்கானலில்தான் தங்கியிருந்தார், தெரியுமா?

"ஆறாம் வகுப்புக்கு வேற ஸ்கூல் போனா, பரீட்சைக்கு மணியா கொண்டு போவா?" என்கிறார் அப்பா. "புரிஞ்ச பிள்ளைக்கு வாய்ப்பாடு ஒரு மாச வேலைங்க" என்கிறார் அம்மா. நான் அம்மா கட்சி. ஆனால் அப்பா பயமும் நியாயம்தான்.

அடுத்த வருடத்துக்கு பீஸ் கட்டுவதா, ஆத்தூரிலேயே சேர்ப்பதா, இன்னும் முடிவாகவில்லை. தினமும் ராத்திரி நான்தான் வாய்ப்பாடு கேட்கிறேன். நேற்று ஏழெட்டு ஐம்பத்தாறு வரை வந்துவிட்டாள்.

- 8-ஆம் வகுப்பு மாணவி