பட்டையில் தொங்கும் படகு

டயர்கள் நெஞ்சு உயரம். அவற்றின் மேல் நிற்கும் இரும்புச் சட்டகத்திலிருந்து இரண்டு அகலப் பட்டைகள் தண்ணீருக்குள் இறங்கியிருந்தன. டிராவல் லிஃப்ட் என்று பெயர். படகு மெல்ல நகர்ந்து வந்து பட்டைகளுக்கு நேர் மேலே நின்றதும் ஓட்டுநர் ரிமோட்டை அழுத்தினார். பத்து டன் எடையுள்ள பாய்மரப் படகு, அடியெல்லாம் நீர் ஒழுக, மேலே எழும்பியது.

"பட்டை ப்ரொப்பெல்லர் தண்டுல படக்கூடாது தம்பி. பட்டா தண்டு வளைஞ்சுரும். அதான் படகு ஓரத்துல ஸ்டிக்கர் ஒட்டியிருக்காங்க பாருங்க, பட்டை இங்க வரணும்னு. ஸ்டிக்கர் இல்லாத படகுன்னா ஒருத்தன் முங்கிப் பாக்கணும்."

சொன்னவர் ஐம்பதைக் கடந்த டெக்னீஷியன். மலேசியாவின் கெடாவில் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து, செம்பனை ஆலைப் பட்டறையில் டீசல் எஞ்சின் வேலை கற்று, பிறகு லங்காவிக்கு வந்தவர். பத்திரிகையில் பெயர் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். யார்டில் எல்லாருக்கும் அவர் அண்ணன்தான். உதவிக்கு இருந்த மலாய் இளைஞன்கூட 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டான்.

லங்காவியின் தென்மேற்குக் கரையை ஒட்டி ரெபாக் என்ற சிறு தீவு. அதில் ஒரு சுற்றுலா விடுதி, மரினா என்ற ஒரு படகுத்துறை, மரினாவின் ஓரத்தில் படகுகளைக் கரையேற்றி நிறுத்தும் யார்டு. யாட் என்ற உல்லாசப் படகைச் சொன்னதும் கறுப்புக் கண்ணாடிக்காரர்கள் ஷாம்பெயின் குடிக்கும் வெள்ளைக் கப்பல் ஞாபகத்துக்கு வரும். இங்கே இரும்புத் தாங்கிகளில் வரிசையாக நின்றவற்றில் அப்படி ஒன்றும் இல்லை. பெரும்பாலும் பழைய ஃபைபர் படகுகள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டை விற்றுவிட்டுப் படகிலேயே குடியிருக்கும் வெளிநாட்டுத் தம்பதிகளுடையவை. கைப்பிடிக் கம்பிகளில் துணி காய்ந்தது. ஓர் ஏணிப்படியில் செருப்புகள் கிடந்தன.

அவர்கள் இங்கே வந்து குவியக் காரணம் உண்டு. லங்காவி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஆறு பாகைதான். அவ்வளவு பக்கத்தில் புயல் உருவாவது அபூர்வம். மேற்கே சுமத்ரா அரணாகவும் இருக்கிறது. 1987 முதல் தீர்வையில்லாத் தீவு என்பது கூடுதல் வசதி. வடகிழக்குப் பருவக்காற்று நிலைப்பட்டதும், ஜனவரி, பிப்ரவரி வாக்கில் இந்தியப் பெருங்கடலைக் கடக்க நினைப்பவர்கள் இங்கேதான் படகைக் கடைசியாகச் சரிபார்த்துக்கொள்கிறார்கள். சுமத்ராவின் வடமுனையைத் தாண்டி இலங்கையின் காலித் துறைமுகம் வரை சுமார் 1,200 கடல் மைல். மணிக்கு ஐந்தாறு மைல் ஓடும் படகுக்கு எட்டு முதல் பத்து நாள் ஆகும். நடுவில் மெக்கானிக் கடை கிடையாது.

லிஃப்டில் தொங்கிய படகின் அடியைப் பார்த்தேன். கொட்டலசு அப்பிக் கிடந்தது. சுண்ணாம்பு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் அந்தச் சிற்றுயிர் காய்ந்துவிட்டால் உளி போட்டுத்தான் பெயர்க்க வேண்டும். அதனால் பட்டையிலேயே வைத்து உயர் அழுத்தத் தண்ணீரை அடித்தார்கள். நாற்றம் குடலைப் புரட்டியது. அண்ணன் அதைச் சட்டை செய்யவில்லை. நேராகப் பின்பக்கம் போய் ப்ரொப்பெல்லர் தண்டில் மாட்டியிருந்த துத்தநாகக் குமிழைத் தடவிப் பார்த்தார். பாதி கரைந்து குழி குழியாக இருந்தது. அவருக்குத் திருப்தி.

"இது கரையத்தான் இருக்கு. இது கரைஞ்சா வெண்கலம் பொழைச்சுக்கும். புதுசு மாதிரி பளபளன்னு இருந்தாத்தான் எனக்குப் பயம். அப்படின்னா கனெக்‌ஷன் விட்டுப்போச்சு, வேற எதையோ உப்புத்தண்ணி தின்னுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்."

உப்புத்தண்ணீரில் இரண்டு உலோகங்கள் மின்தொடர்போடு கிடந்தால், இரண்டில் வீரியம் கூடியது தன்னைக் கரைத்துக்கொண்டு மற்றதைக் காக்கும். இதைக் கப்பலில் முதலில் முயன்றவர் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி. 1824-ல் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடியில் வேய்ந்திருந்த செப்புத் தகடு அரிக்காமலிருக்க இரும்பு, துத்தநாகத் துண்டுகளைப் பொருத்தச் சொன்னார். செம்பு அரிப்பது நின்றது. ஆனால் செம்பு கரைந்து நஞ்சாகக் கசிந்ததால்தான் அதுவரை கொட்டலசும் பாசியும் அண்டாமல் இருந்தன. கசிவு நின்றதும் எல்லாம் அப்பிக்கொண்டு கப்பல்கள் வேகம் குறைந்தன. வேதியியல் ஜெயித்தது, கப்பல் தோற்றது.

இரண்டு நூற்றாண்டு கழிந்தும் இந்த யார்டில் நடப்பது அதே வழக்குதான். அடிக்குப் பூசும் பெயின்ட்டில் இன்றும் செம்புதான் பிரதானம்; அது கரைய வேண்டும். வால்வும் ப்ரொப்பெல்லரும் கரையக் கூடாது. நடுவில் வெள்ளீயம் சேர்ந்த பெயின்ட் ஒன்று வந்தது. அபாரமாக வேலை செய்தது. சிப்பி, நத்தை இனங்களையே பாழாக்கியதால் அதைத் தடைசெய்யும் பன்னாட்டு உடன்படிக்கை 2001-ல் எழுதப்பட்டு, 2008-ல் அது நடைமுறைக்கு வந்தது. அந்தப் பெயின்ட்டைப் பற்றிப் பழைய கேப்டன்கள் இன்னும் ஏக்கத்தோடு பேசுவார்களாம்.

அடுத்த படகுக்கு ஏணி ஏறினோம். ஏறும் முன் அண்ணன் செருப்பைக் கழற்றினார். எஞ்சினைக் கழற்றப் போகிறவர் காலில் செருப்பில்லாமல் போவது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஆனால் உள்ளே போனால் அது வீடு. அடுப்பில் கெட்டில், அலமாரியில் பேரக்குழந்தைகளின் படம். மாடிப்படி மாதிரியான மரச்சட்டத்தைக் கழற்றினால் பின்னால் எஞ்சின். மெத்தையைத் தூக்கினால் அதன் இன்னொரு பக்கம். வீட்டுக்கார அம்மாள் தலையணைகளை எடுத்து மேல்தளத்துக்குக் கொண்டுபோனார்.

எஞ்சின் சூடேறி நின்றுவிடுகிறது என்பது புகார். படகு எஞ்சினுக்கு முன்னால் காற்று வீசும் ரேடியேட்டர் கிடையாது. கடல்நீரை உறிஞ்சி, வெப்பமாற்றிக் குழாய்கள் வழியே செலுத்தி, புகையோடு சேர்த்து வெளியே தள்ளுகிறார்கள். உறிஞ்சுவது இம்பெல்லர் என்ற ரப்பர்ச் சக்கரம். இட்லிக் குழியளவுதான் இருக்கும். சுற்றிலும் ஆறு இதழ். தண்ணீர் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓடினால் போதும், இதழ் பிய்ந்துவிடும்.

அண்ணன் ஒருக்களித்துப் படுத்து, வலது கையை எஞ்சினுக்கும் ஃபைபர் சுவருக்கும் நடுவே நுழைத்தார். பம்ப் மூடியின் திருகுகள் கண்ணுக்குத் தெரியாது. விரல் நுனியால் தடவி ஒவ்வொன்றாகக் கழற்றினார். கீழே அடித்தட்டில் எண்ணெய் கலந்த தண்ணீர். திருகு விழுந்தால் கதை முடிந்தது. கழன்ற திருகு ஒவ்வொன்றையும் இடது கைக்கு மாற்றி வாயில் கவ்விக்கொண்டார். வெளியே வந்த சக்கரத்தில் நான்கு இதழ்தான் முழுசாக இருந்தது.

புது இம்பெல்லரை மாட்டிவிட்டு முடித்திருக்கலாம். எஞ்சின் ஓடும், தண்ணீரும் கொட்டும். அவர் அதைத் தொடவில்லை. ஒரு வெள்ளைத் துணியை விரித்து, உடைந்த சக்கரத்தை நடுவில் வைத்துவிட்டுத் தேட ஆரம்பித்தார். ரப்பர் குழாயின் வளைவில் ஓர் இதழ் முழுசாகச் சிக்கியிருந்தது. துணியில் அதன் இடத்தில் பொருத்தினார். இன்னொன்றுக்காக வெப்பமாற்றியின் மூடியைக் கழற்ற வேண்டியிருந்தது. அங்கே அரை இதழ். பிய்ந்த விளிம்பை விளிம்போடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூலையில் பச்சரிசி அளவுக்கு ஓர் இடைவெளி. மெல்லிய கம்பியை ஒவ்வொரு செப்புக் குழாயிலும் விட்டுத் துழாவி, அந்தத் துணுக்கையும் எடுத்தார். துணியில் ஆறும் நிறைந்ததும் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டார்.

"எதுக்குண்ணே படம்?"

"பில் போடும்போது கேப்பாங்க. ஒரு ரப்பர் மாத்த இவ்வளவு நேரமான்னு."

இந்தத் தொழிலின் சண்டையெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. கூலி மணிக்கணக்கு. போல்ட்டை மாற்றுவது பத்து நிமிடம். போல்ட் இருக்கும் இடத்துக்குக் கை போய்ச் சேர அரை நாள். படகைக் கட்டுகிறவர்கள் முதலில் எஞ்சினை வைத்து, அதைச் சுற்றி அலமாரியும் கட்டிலும் அடித்துவிடுகிறார்கள். பழுதுபார்க்கிறவனும் ஒருநாள் வருவான் என்று அவர்களில் பலர் நினைத்ததாகத் தெரியவில்லை.

செய்த வேலையோ எதுவும் கண்ணில் படாது. பலகையை மூடி மெத்தையைப் போட்டதும் நல்ல வேலையும் திருட்டு வேலையும் ஒரே மாதிரிதான் இருக்கும். கார் மெக்கானிக் சொதப்பினால் வண்டி தெருமுனையில் நிற்கும், மறுநாள் காலை அவர் கடைக்கே திரும்பி வரும். இங்கே சொதப்பினால் அது தெரியவருவது கரையிலிருந்து 500 மைல் தள்ளி, இரவில், அலையில். அங்கே இருப்பது அந்த வயதான தம்பதி மட்டும். ரப்பர்த் துணுக்குக்காக அவர் அத்தனை நேரம் துழாவியதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன். அவர் இப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை.

பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளை எட்டத்திலிருந்தே காட்டினார். 19 இழை சேர்ந்த ஸ்டெயின்லெஸ் கம்பி. துருப்பிடிக்காத இரும்பு என்று பெயர் வாங்கியது, காற்றுப் படாத இடுக்கில் உப்புத்தண்ணீர் தேங்கினால் உள்ளுக்குள்ளேயே வெடித்துவிடும். அதனால் கீழ்முனைப் பூண்களைத்தான் முதலில் பார்ப்பார். பஞ்சை வைத்து இழுப்பார். அறுந்த இழை இருந்தால் சிக்கும். மின்சார வேலைக்குத் தனியாள் உண்டு. இந்தப் பக்கம் இடிமின்னலுக்குப் பஞ்சமில்லை. நேரே விழவேண்டியதில்லை, பக்கத்தில் விழுந்தாலே ரேடார், ஜிபிஎஸ், ஆட்டோபைலட் எல்லாம் ஒரே நொடியில் போய்விடுமாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் எனக்குக் காட்ட விரும்பியது ஒரு வால்வு. கழிவறைக்கும் எஞ்சினுக்கும் கடல்நீர் எடுக்கப் படகின் அடியில் துளை போட்டு வால்வு வைத்திருப்பார்கள். சீகாக் என்பது பட்டறைப் பேச்சு. காலையில் ஏணி ஏறினோமே, அந்தப் படகிலிருந்து கழற்றியதுதான். பார்க்கக் கனமாக, கெட்டியாக இருந்தது. அண்ணன் கத்திமுனையால் அதன் கழுத்தைச் சுரண்டினார். மஞ்சள் தெரியவில்லை. இளஞ்சிவப்பாக இருந்தது.

"வெண்கலம்னு சொல்லி பித்தளையை மாட்டிட்டான் எவனோ. துத்தநாகம் பூரா கரைஞ்சு போயிருச்சு. மிச்சம் இருக்கிறது செம்பு, அதுவும் பஞ்சு மாதிரி."

சின்னச் சுத்தியால் தட்டினார். பலமாகக்கூட இல்லை. கழுத்து பிஸ்கட் போல நொறுங்கி விழுந்தது. தண்ணீருக்கு அரை மீட்டர் கீழே ஒன்றரை அங்குலத் துளை திறந்தால் நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் உள்ளே வரும். ஒவ்வொரு சீகாக் பக்கத்திலும் கூம்பு வடிவ மரக்கட்டை ஒன்று கயிற்றில் கட்டித் தொங்குவதை நான் காலையில் கவனித்திருந்தேன். துளையில் அடித்து அடைக்கத்தான் அது.

அந்தப் படகுக்குப் புது வெண்கல வால்வு முன்பே மாட்டியாகிவிட்டது. இம்பெல்லரும் முடிந்ததால் அன்று மாலை நீர்மட்டம் ஏறியதும் இறக்குவதாக ஏற்பாடு. சொந்தக்காரர் நியூஸிலாந்துக்காரர், எழுபதுக்கு மேல் இருக்கும், வானிலை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நாளை காலை காற்று நன்றாக இருக்கிறதாம். லிஃப்ட் படகைத் தூக்கி வந்து துறைக்குள் இறக்கியது. படகு மிதந்தது, ஆனால் பட்டைகளை அவிழ்க்கவில்லை. இறக்கிய படகைப் பட்டைகளிலேயே கொஞ்ச நேரம் வைத்து உள்ளே பார்ப்பது வழக்கம். அண்ணன் டார்ச்சோடு குதித்தார், நானும் பின்னால்.

ப்ரொப்பெல்லர் தண்டு உடலைத் துளைத்து வெளியே போகும் இடத்தில் சொட்டு விழுந்தது. அது விழலாம்; தண்டு சுழலும்போது சொட்டுவதுதான் அதற்கு எண்ணெய். புது வால்வின் அடியில் விரலை வைத்தார். எடுத்துப் பார்த்தார். நாக்கில் வைத்தார். துணியால் ஒற்றி மறுபடி காத்திருந்தார். வால்வின் வட்டத்தட்டு ஃபைபரோடு சேரும் கோட்டில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஓர் ஈரம் மறுபடியும் மினுமினுத்தது. சொட்டுகூட இல்லை, வெறும் ஈரம்.

மேலே வந்து லிஃப்ட் ஓட்டுநரைப் பார்த்துக் கட்டைவிரலை மேலே காட்டினார். தூக்கு.

நியூஸிலாந்துக்காரர் முகம் சிவந்தது. கொஞ்சம் ஈரம்தானே, போகிற வழியில் துடைத்துக்கொள்கிறேன், காற்று போய்விடும் என்றார். அண்ணன் வாதாடவில்லை. "சாரி போஸ்" என்று மட்டும் சொன்னார். வால்வைக் கழற்றி, பழைய சீலன்ட்டைச் சுரண்டி, புதிதாகப் பூசி, காய்ந்த பிறகுதான் இனி இறக்க முடியும். நாளைக்கு முடியாது.

படகு மறுபடி தாங்கிகளுக்கு வந்து சேர இருட்டிவிட்டது. இரண்டாம் முறை தூக்கிய செலவு யார் கணக்கில் என்று கேட்டேன்.

"மாட்டினது நான்தானே தம்பி" என்றார். உதவிப் பையனிடம் சுரண்டும் கத்தியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றி ஏணியடியில் விட்டுவிட்டு ஏறினார்.