இரண்டு பாதை, ஒரு வாசல்

மன்னார்த் தீவில் ஸ்டோரேஜ் ஒன்றைப் பொருத்தப் போனால், முகவரிகளைத் தாளில் எழுதி முடிக்காமல் நான் கேபிளைத் தொடுவதில்லை. நிர்வாகத்துக்கு ஒரு சப்நெட். தரவுக்கு இரண்டு சப்நெட், இரண்டு சுவிட்ச். தரவுப் போர்ட்டுகள் இரண்டையும் ஒரே சப்நெட்டில் போட்டாலும் வேலை செய்யும்தான். ஆனால் எந்தப் போர்ட்டால் போக வேண்டுமென்று கட்டிவைக்காத லினக்ஸ் சேர்வர் எல்லாவற்றையும் ஒன்றாலேயே அனுப்பிவிடும். திரையில் இரண்டு பாதை தெரியும்; இருப்பது ஒன்று.

கேட்வேயை நிர்வாகப் போர்ட்டுக்கு மட்டுமே கொடுப்பேன். இந்த ஊரவருக்கு அதை விளங்கப்படுத்துவது சுலபம். பெருநிலத்தின் தள்ளாடியிலிருந்து தீவுக்கு வரும் தாம்போதிதான் கேட்வே. 1990இல் அதன் பாலம் தகர்ந்து 2010இல் புதியது திறக்கும்வரை பட்ட பாட்டை அறிந்தவர்கள் அவர்கள். ஒரே அறையில் இருக்கும் சேர்வரும் ஸ்டோரேஜும் பேசிக்கொள்ளப் பாலம் ஏற வேண்டியதில்லை. தரவுப் போர்ட்டுக்கும் ஒரு கேட்வே கொடுத்துவிட்டால், கேள்வி ஒரு போர்ட்டால் வந்து பதில் இன்னொன்றால் வெளியேறும். நடுவிலுள்ள ஃபயர்வோல் பாதிப் பேச்சை மட்டும் கண்டு வெட்டிவிடும்.

பெருநிலத்தில் உள்ள இன்னொரு ஸ்டோரேஜுக்கு நகல் போக வேண்டுமானால், அந்தச் சப்நெட்டுக்கு மட்டும் நிலையான ரூட் ஒன்று எழுதுவேன். மறுமுனையில் திரும்பி வரும் ரூட்டையும் எழுத வேண்டும். பெரும்பாலும் விடுபடுவது அதுதான்.

எனக்கு மிகப் பிடித்த சோதனை எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பற்றிய சோதனை. ஸ்டோரேஜிலும் சேர்வரிலும் 9000 வைத்திருப்பார்கள். இடையில் ஒரு சுவிட்ச் 1500இலேயே நிற்கும். சாதாரண பிங் போகும், சேர்வரை ஸ்டோரேஜோடு இணைக்கும் ஐஸ்கஸி லொகினும் நடக்கும், எல்லாம் சரியென்று கைகழுவத் தோன்றும். பெரிய கோப்பொன்றை எழுதத் தொடங்கியதும் அப்படியே உறைந்துவிடும். அதனால் துண்டாக்கக் கூடாதென்ற கட்டளையோடு 8972 பைட் பிங் அனுப்புவேன். ஐபி தலைப்புக்கு 20, ஐசிஎம்பி தலைப்புக்கு 8 சேர்ந்தால் சரியாக 9000. இதை ஒவ்வொரு போர்ட்டிலிருந்தும் தனித்தனியே செய்ய வேண்டும். ஒன்று போனதால் மற்றதும் போகும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

தென்கரையில் 2020 முதல் தம்பபவனியின் 30 காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, உப்பையும் கட்டடங்களுக்குள் கொண்டுவருகிறது. ஆகவே இங்கே ரூட்டைச் சந்தேகிக்கும் முன் போர்ட்டின் பிழை எண்ணிக்கையைப் பார்ப்பேன். அது ஏறிக்கொண்டே இருந்தால் கோளாறு கேபிள் முனையில். முகவரியை மாற்றிப் பயனில்லை.

கடைசியில், தரவு எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு கேபிளைக் கழற்றுவேன். அறுந்த இணைப்புக்காக லினக்ஸின் ஐஸ்கஸி வழக்கமாக 120 விநாடி காத்திருக்கும். அவ்வளவு நேரம் மற்றப் பாதை சும்மா நிற்கும். மல்டிபாத் உள்ள சேர்வரில் அந்தக் காத்திருப்பை 5 விநாடியாகக் குறைத்துவிட்டு, இம்முறை மற்றக் கேபிளைக் கழற்றிப் பார்ப்பேன்.